நின்றபடி ஒரு துஆ: மஹ்மூத் அப்துல் ரவூஃபின் வாழ்வு

1996ஆம் ஆண்டு மார்ச் 15. சிகாகோ நகரின் யுனைட்டெட் சென்டர் அரங்கம். கூடைப்பந்து ஆட்டம் தொடங்குமுன் அமெரிக்க நாட்டுப்பண் இசைக்கப்படுகிறது. டென்வர் நகெட்ஸ் அணியின் வரிசையில், மற்ற வீரர்களைக் காட்டிலும் உயரம் குறைந்த ஓர் இளைஞர் நிற்கிறார். வயது இருபத்தேழு. தலை குனிந்திருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன, இரு கைகளும் முகத்தருகே ஏந்தப்பட்டுள்ளன. அரங்கத்தின் ஒரு பகுதியினர் அவரை நோக்கிக் கூச்சலிடுகின்றனர். அமெரிக்கத் தொலைக்காட்சி நேயர்களுள் பலருக்கு அக்கைகளின் பொருள் விளங்கியிராது. நமக்கு விளங்கும். அவர் துஆச் செய்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் மஹ்மூத் அப்துல் ரவூஃப். அப்துல் ரவூஃப் என்னும் பெயர் நம் ஊர்களில் மிக இயல்பானது. ஜமாஅத் பதிவேட்டைப் புரட்டினால் நான்கைந்து பேராவது அகப்படுவர். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யின் ஆட்டக்களத்தில் அப்பெயர் ஒலித்தது புதுமை. அவ்வாறு ஒலித்ததற்கு அவர் கொடுத்த விலை, அவருடைய ஆட்டத்தை நேரில் காணாத நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

அவரைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்தி பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது: நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்க மறுத்த முஸ்லிம் வீரர். அவ்வரி பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. அவர் மறுத்தார், பின்னர் நின்றார். நின்ற பிறகும் அவர்மீதான சினம் தணியவில்லை என்பதே இவ்வரலாற்றில் சிந்திக்கத் தக்க பகுதியாக எனக்குத் தோன்றுகிறது.

1969 மார்ச் 9 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் என்னும் கடற்கரை நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிறிஸ் ஜாக்சன். தந்தை உடனில்லை, தாயார் ஜாக்குலின் தனியொருவராய்ப் பிள்ளைகளை வளர்த்தார். வறுமை மிகுந்த குடும்பம். அவர் பிறந்த அதே ஆண்டின் அக்டோபர் மாதத்தில்தான், மிசிசிப்பியின் பள்ளிகள் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் முறையை உடனே கைவிட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அம்மாநிலத்தின் கொடியையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்ச் சின்னம், 1894 முதல் அக்கொடியின் மூலையில் இடம்பெற்றிருந்தது. நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் பறந்த அக்கொடியின் நிழலில்தான் அச்சிறுவன் வளர்ந்தான். கொடி என்பது எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்று பிற்காலத்தில் அவர் கூறியபோது பலர் வியந்தனர். மிசிசிப்பியில் பிறந்த ஒரு கறுப்பினத்தவருக்கு அதைக் கற்பிக்க நூல் எதுவும் தேவைப்பட்டிராது.

சிறுவயது முதலே அவருடைய உடல் அவருக்கு அடங்கவில்லை. தலை திடீரென வெட்டி இழுக்கும், தோள் துடிக்கும், தொண்டையிலிருந்து தாமாகவே ஒலிகள் எழும். ஏன் என்று பல்லாண்டுகள் எவருக்கும் விளங்கவில்லை. பதின்பருவத்தின் இறுதியில்தான் அது டூரெட் எனப்படும் நரம்புக் குறைபாடு என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். இக்குறைபாடு வெறும் துடிப்போடு நிற்பதில்லை. ஒரு செயலைச் சரியாகச் செய்துவிட்டோம் என்னும் நிறைவு உள்ளத்தில் தோன்றும் வரை அதை மீண்டும் மீண்டும் செய்யும்படி அது சிலரைத் துரத்துகிறது. காலணியின் கயிற்றைக் கட்டுவதற்கும் சட்டையை உடுத்துவதற்கும் கூட அவருக்கு நெடுநேரம் பிடித்ததுண்டு.

அத்துரத்தலே ஆட்டக்களத்தில் அவருக்கு ஆசானாயிற்று. பந்து கூடைக்குள் விழுந்தால் போதாது. இரும்பு வளையத்தைத் தொடாமல், வலை மட்டும் அசையும்படி விழ வேண்டும். அதுவும் ஒருமுறை விழுந்தால் போதாது. தொடர்ந்து பத்து முறை அப்படியே விழ வேண்டும். ஒன்பதாவது எறி வளையத்தை உரசினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடக்கம். அது நிறைவேறாமல் களத்தை விட்டு வீடு திரும்ப அவரால் இயலாது. மற்றவர்கள் இதைக் கடும் பயிற்சி என்று போற்றினர். அவருக்கோ அது பாதி வேதனை.

பள்ளிக் காலத்தில் மிசிசிப்பியின் மிகச் சிறந்த வீரர் என்னும் சிறப்பை 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெற்றார். அங்கிருந்து லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். முதலாண்டு மாணவராக ஆட்டத்துக்குச் சராசரியாக 30.2 புள்ளிகள் எடுத்தார். முதலாண்டு மாணவர் எவரும் அதற்குமுன் எட்டாத உயரம் அது. ஃபுளோரிடா அணிக்கு எதிராக 53. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 55. மறு ஆண்டு அதே அணியில் ஷகீல் ஓ'நீல் என்னும் மாபெரும் உருவம் கொண்ட மாணவர் சேர்ந்தார். ஓ'நீல் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர். ஆயினும் அன்று அந்த அணியின் முதன்மை வீரர் ஏறத்தாழ ஆறடி உயரமே கொண்ட கிறிஸ் ஜாக்சன்தான்.

அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டேல் பிரவுன் அவருக்கு ஒரு நூலை அளித்தார்: மால்கம் எக்ஸின் தன்வரலாறு. வெள்ளையரான பயிற்சியாளர் ஒருவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தம் மாணவருக்கு அந்நூலைக் கொடுக்க, அதிலிருந்து அம்மாணவரின் தேடல் தொடங்கியது. அல்லாஹ் எவர் கையால் எவருக்கு எதைக் கொடுத்தனுப்புகிறான் என்பதை நாம் முன்கூட்டி அறிவதில்லை.

1990இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி என்.பி.ஏ. தேர்வுக்கு வந்தார். நாடெங்கிலுமிருந்து வந்த இளம் வீரர்களுள் மூன்றாவது இடத்தில் டென்வர் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவ்வணி அப்போது மிகவும் நலிந்திருந்தது. அவருடைய முதல் பருவத்தின் 82 ஆட்டங்களில் 20இல் மட்டுமே வென்றது. இரண்டாம் ஆண்டில் அவருடைய சராசரி 10.3ஆகக் குறைந்தது. இளமையில் வானளாவப் புகழப்பட்டுச் சில ஆண்டுகளில் மறைந்துபோகும் வீரர்களின் வரிசையில் அவரும் சேர்ந்துவிடுவார் என்று தோன்றிய காலம் அது.

அந்நாட்களில்தான், 1991ஆம் ஆண்டு, அவர் கலிமா மொழிந்து இஸ்லாத்தைத் தழுவினார். 1993இல் பெயரையும் சட்டப்படி மாற்றிக்கொண்டார். மஹ்மூத் என்றால் புகழப்பட்டவர். அப்துல் ரவூஃப் என்றால் பேரிரக்கம் உடையவனின் அடியார். பெயர் மாற்றம் அமெரிக்க விளையாட்டு உலகுக்குப் புதிதன்று. கேசியஸ் கிளே முஹம்மது அலியானதும், லூ அல்சின்டர் கரீம் அப்துல் ஜப்பாரானதும் அதற்கு ஒரு தலைமுறை முந்தைய செய்திகள்.

ஐவேளைத் தொழுகையின் ஒழுங்கு இவருடைய வாழ்வில் எதைச் செய்தது என்பதை வெளியிலிருந்து அளவிட எவராலும் இயலாது. களத்தில் நிகழ்ந்ததை மட்டும் கூறலாம். 1992–93 பருவத்தில் அவருடைய சராசரி 10.3இலிருந்து 19.2ஆக உயர்ந்தது, அவ்வாண்டின் மிகுந்த முன்னேற்றம் கண்ட வீரர் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்த பருவத்தில் ஃப்ரீ த்ரோ எறிகள் 229இல் 219 கூடைக்குள் விழுந்தன. கூடைப்பந்து அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம்: எதிரணியினர் விதிமீறித் தடுத்தால், களத்தில் குறித்த கோட்டில் தனியாக நின்று, எவர் குறுக்கீடும் இன்றிப் பந்தை எறிய வாய்ப்பளிப்பர். அதுவே ஃப்ரீ த்ரோ. எளிது போலத் தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கானோரின் கண்களும் கூச்சலும் ஒருவர்மீதே குவியும் நேரம் அது. ஒரு பருவம் முழுவதிலும் பத்தே பத்து முறை தவறியவர் அவர். அன்றுவரை என்.பி.ஏ. வரலாற்றில் ஒரே பருவத்தில் அதைவிடச் சிறந்த விழுக்காட்டை எட்டியவர் கால்வின் மர்ஃபி ஒருவரே.

அதே 1994ஆம் ஆண்டு மே மாதம் டென்வர் அணி வரலாறு படைத்தது. தகுதிச் சுற்றில் கடைசி இடமான எட்டாவது இடத்தில் நுழைந்து, முதலிடத்தில் இருந்த சியாட்டில் அணியை வீழ்த்தியது. எட்டாம் இடம் முதலிடத்தை வென்றது அதுவே முதன்முறை. 1995 டிசம்பர் 7 அன்று யூட்டா அணிக்கு எதிராக அவர் தனியொருவராக 51 புள்ளிகள் எடுத்தார். 1996 பிப்ரவரியில், மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ அணி தோல்வியே அறியாமல் தொடர்ந்து 18 ஆட்டங்களில் வென்றிருந்த வேளையில், டென்வர் அதைத் தோற்கடித்தது. அப்துல் ரவூஃப் 32 புள்ளிகள் எடுத்தார். அப்பருவம் முழுவதிலும் சிகாகோ தோற்றது பத்தே ஆட்டங்களில். ஆகவே மார்ச் மாதம் அதே சிகாகோவில் அவர் கையேந்தி நின்றபோது, புகழின் உச்சியில் இருந்த ஆட்டக்காரராகவே நின்றார்.

இனி அந்தச் சர்ச்சை.

1995–96 பருவம் முழுவதும் அவர் நாட்டுப்பண் இசைக்கும்போது வரிசையில் நிற்கவில்லை. சில நாள் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிடுவார். சில நாள் ஓரமாக அமர்ந்தோ உடற்பயிற்சி செய்தோ அந்நேரத்தைக் கழிப்பார். செய்தியாளரை அழைக்கவில்லை, அறிக்கை விடவில்லை, சக வீரரைத் தம்மோடு சேரும்படி கேட்கவும் இல்லை. ஏறத்தாழ அறுபது ஆட்டங்கள் வரை நாடு அதைக் கவனிக்கவே இல்லை. இறுதியில் உள்ளூர் வானொலியில் பேச்சு எழுந்தது. செய்தியாளர்கள் அவரிடம் நேரடியாகக் கேட்டனர். கேட்டபோது அவர் மறைக்கவில்லை. அக்கொடி பலருக்கு ஒடுக்குமுறையின், கொடுங்கோன்மையின் சின்னமாக இருக்கிறது. அமெரிக்க வரலாற்றில் அதற்குச் சான்றுகள் உண்டு. ஒடுக்குமுறைக்கும் அல்லாஹ்வுக்கும் ஒருசேர விசுவாசமாக இருக்கத் தம்மால் இயலாது. அவர் கூறியதன் சாரம் இதுவே.

காலத்தையும் கருத வேண்டும். வளைகுடாப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. 1995 ஏப்ரலில் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்தபோது, குற்றவாளி யார் என்று தெரியுமுன்னரே முஸ்லிம்கள்மீது ஐயம் பரவிற்று. குற்றவாளி உள்நாட்டு வெள்ளையர் என்று பின்னர் தெரிந்தது. அந்தச் சூழலில் ஒரு முஸ்லிம் பெயர், கொடி, ஒடுக்குமுறை என்னும் சொல் ஆகிய மூன்றும் ஒரே செய்தியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

நாட்டுப்பண்ணின்போது வீரர்கள் கண்ணியமான தோற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது என்.பி.ஏ.யின் எழுதப்பட்ட விதி. அவ்விதியைக் காட்டி 1996 மார்ச் 12 அன்று அவரை இடைநீக்கம் செய்தனர். ஓர் ஆட்டத்தின் ஊதியம் பறிபோயிற்று: 31,707 டாலர். நிற்காத ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இதே தண்டனை தொடரும் என்பது நிலை. வீரர்களின் தொழிற்சங்கம் அவர் பக்கம் நின்றது.

முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்? இங்குதான் வரலாறு நமக்கு இதமாக இல்லை. அன்றைய என்.பி.ஏ.யின் பெரும் நட்சத்திரங்களுள் ஒருவர் ஹகீம் ஒலாஜுவான். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்த முஸ்லிம். 1993இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 1995ஆம் ஆண்டின் ரமளானில் நோன்பு நோற்றபடியே ஆடி, அந்தப் பிப்ரவரி மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய மார்க்கப் பற்றை எவரும் ஐயுற இயலாது. தாம் வாழும் நாட்டின் சட்டத்தை மதித்து நடக்கவே இஸ்லாம் கற்பிக்கிறது என்று அவர் வெளிப்படையாகக் கருத்துரைத்தார். அமெரிக்க முஸ்லிம்களுள் பலர் அவ்வாறே எண்ணினர். எழுந்து நிற்பது மரியாதையே அன்றி வணக்கமாகாது என்றனர். வேறு சிலர், கருத்து எதுவாயினும் அதைக் கொண்டிருக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றனர்.

இருவரில் எவர் சரி என்று தீர்ப்பளிக்க நான் ஆலிம் அல்லன். ஆனால் அவ்விருவரும் ஒரே நாட்டைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் கூற இயலும். ஒலாஜுவான் தாமாக விரும்பி வந்து சேர்ந்த அமெரிக்காவைப் பார்த்தார். அந்நாடு அவருக்குக் கல்வியும் செல்வமும் குடியுரிமையும் கொடுத்தது. அப்துல் ரவூஃப், தம் முன்னோரைச் சங்கிலியில் பிணைத்து விற்ற அமெரிக்காவைப் பார்த்தார். ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் இருவரின் பின்னே இரு வேறு வரலாறுகள் நின்றன. மார்க்கத் தீர்ப்புகளைப் பற்றி நாம் விவாதிக்கும்போது இந்தப் பின்புறத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இரண்டு நாட்கள் பேச்சுவார்த்தை நடந்தது. அவர் ஆலோசனை கேட்டார், யோசித்தார். மார்ச் 14 அன்று உடன்பாடு ஏற்பட்டது: வரிசையில் நிற்பார், ஆனால் அந்நேரத்தில் தலை குனிந்து பிரார்த்தனை செய்வார். துன்புறும் அனைவருக்காகவும் அப்பிரார்த்தனை அமையும் என்றார். தாம் எடுத்த முடிவைவிட மேலானதொன்று கண்ணில் பட்டால் அதையே தேர்ந்துகொள்வது ஒரு முஸ்லிமின் கடமை என்று அதற்கு விளக்கமும் தந்தார். நபி (ஸல்) அவர்கள் சத்தியம் செய்வது பற்றிக் கற்பித்த நெறியை அறிந்தவர்களுக்கு இவ்விளக்கம் புதிதாயிராது: ஒன்றைச் சத்தியமிட்டுச் சொன்ன பின்னும் அதைவிடச் சிறந்ததைக் கண்டால், பரிகாரம் செய்துவிட்டுச் சிறந்ததையே செய்ய வேண்டும் என்பது அந்நெறி. செய்தித்தாள்கள் இதைப் பணிந்துபோனார் என்று எழுதின. பிடிவாதத்தையும் உறுதியையும் பிரித்தறியும் பழக்கம் செய்தித்தாள்களுக்கு என்றும் குறைவு. கொடியைப் பற்றிய தம் கருத்தை அவர் திரும்பப் பெறவில்லை. நிற்கும் முறையை மட்டுமே மாற்றினார்.

மறுநாள் சிகாகோவில் அவர் நின்ற காட்சியைத்தான் தொடக்கத்தில் கண்டோம்.

நாடு கேட்டதும் விதி கேட்டதும் அவர் நிற்பதையே. நின்றுவிட்டார். ஆயினும் ஓயவில்லை. மிரட்டல்கள் வந்தன. அதே மார்ச் மாதம் டென்வர் வானொலி நிலையம் ஒன்றின் ஊழியர்கள் கொலராடோவில் உள்ள ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்து, அங்கே ஊதுகொம்பில் நாட்டுப்பண்ணை இசைத்தனர். தொழுமிடம் கேலிக்கூத்துக்குக் களமாயிற்று. அதன் தொடர்பில் நால்வர்மீது வழக்குப் பதிவாயிற்று. ஒரு தனிமனிதரின் மனச்சான்றைப் பற்றிய கேள்வி, எத்தனை விரைவில் ஒரு சமுதாயம் முழுவதன்மீதும் ஏவப்படுகிறது! அப்பள்ளியில் அன்று தொழுதவர்களுள் பலர் கூடைப்பந்து பார்க்காதவர்களாகக்கூட இருந்திருக்கலாம்.

காயத்தால் அப்பருவத்தில் அவர் ஆடியது 57 ஆட்டங்களே. சராசரி 19.2 புள்ளிகள், ஆட்டத்துக்கு 6.8 முறை சக வீரர் கூடையிடப் பந்தளித்தார். இத்தனை கூச்சலுக்கும் நடுவே ஃப்ரீ த்ரோ எறிகள் 157இல் 146 விழுந்தன. அப்பருவத்தில் லீக் முழுவதிலும் அதுவே முதலிடம்.

பருவம் முடிந்ததும், ஜூன் மாதத்தில், டென்வர் அவரைச் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. மாற்றாகப் பெற்றவர் லிதுவேனிய வீரர் சருனாஸ் மார்ச்சுலியோனிஸ். கூடவே இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்று. மார்ச்சுலியோனிஸ் மாபெரும் வீரர்தான், ஆனால் அப்போது அவருக்கு வயது 32, காயங்களால் தளர்ந்திருந்தார். டென்வருக்காக 17 ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றார். அணியின் சிறந்த புள்ளியாளரான இருபத்தேழு வயது இளைஞரைக் கொடுத்துப் பெற்றது அவ்வளவே.

நாட்டுப்பண் விவகாரம் ஒன்றினாலேயே இது நடந்தது என்று ஓர் ஆவணத்தைக் காட்டி நிறுவ இயலாது. அணியைப் புதிதாகக் கட்டமைக்கிறோம் என்பது நிர்வாகம் எப்போதும் கூறக்கூடிய காரணம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சாக்ரமெண்டோவில் முதல் பருவம் சராசரி 13.7. அடுத்த பருவம் 31 ஆட்டங்கள் மட்டுமே, சராசரி 7.3. ஒப்பந்தம் முடிந்த 1998இல் அவருக்கு வயது 29. ஒரு கூடைப்பந்து வீரரின் உடலும் அறிவும் ஒருசேர முதிர்ந்து நிற்கும் வயது அது. அவர் துருக்கிக்குச் சென்று ஃபெனர்பாச்சே கழகத்துக்காக ஆடினார். 2000–01இல் வான்கூவர் அணி ஒரே ஒரு பருவம் அழைத்தது. ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் போலக் களமிறக்கியது. அத்தோடு என்.பி.ஏ.யின் கதவு மூடிற்று. ஒருவரை விலக்குவதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டியதில்லை. தொலைபேசி ஒலிக்காமல் இருந்தாலே போதும்.

முஹம்மது அலியின் பட்டம் 1967இல் ஒரே வீச்சில் பறிக்கப்பட்டது. ஆகவே உலகம் அதைக் கண்டது. பின்னர் உச்ச நீதிமன்றமும் அவருக்கு நீதி வழங்கியது. அப்துல் ரவூஃபுக்கு நேர்ந்தது நிமிடம் நிமிடமாகக் குறைந்த ஆட்ட நேரம். அதை எதிர்த்து எந்த மன்றத்தில் முறையிடுவது?

2001இல் மற்றோர் அடி. மிசிசிப்பியில், கல்ஃப்போர்ட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மீது, கறுப்பினத்தவரை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் எழுத்துகள் ஏற்கெனவே கிறுக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு அவ்வீடு எரிந்து சாம்பலாயிற்று. யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்று விசாரணையாளர் கண்டனர். அவரோ அவர் குடும்பத்தாரோ அப்போது அங்கில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பின்னர் அவர் ரஷ்யா, இத்தாலி, கிரேக்கம், சவூதி அரேபியா எனப் பல நாடுகளில் ஆடினார். இறுதியாக ஜப்பானின் கியோட்டோ நகர அணி. அங்கே 2011இல் தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகியபோது அவருக்கு வயது 42. பட்டம் பறிபோனதற்காக ஆட்டத்தையே வெறுத்தவராக அவர் இருந்திருந்தால் பதின்மூன்று ஆண்டுகள் நாடு நாடாகச் சென்றிருக்க மாட்டார். 2017இல் ஓய்வுபெற்ற வீரர்களுக்கென்று பிக் த்ரீ என்னும் மூவர் போட்டித் தொடர் தொடங்கியபோது, 48 வயதில் மீண்டும் களமிறங்கினார். அதே மெலிந்த உடல். அதே விரைவான எறி.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கோலின் கேப்பர்னிக் என்னும் அமெரிக்கக் கால்பந்து வீரர், கறுப்பினத்தவர்மீது காவல் துறை காட்டும் வன்முறையைக் கண்டித்து நாட்டுப்பண்ணின்போது முதலில் அமர்ந்தும் பின்னர் மண்டியிட்டும் தம் எதிர்ப்பைத் தெரிவித்திருந்தார். அவரைத் தொடர்ந்து பலர் மண்டியிட்டனர். இருபது ஆண்டுகளுக்கு முன் இதையே செய்தவர் எங்கே என்று செய்தியாளர்கள் அப்போதுதான் தேடத் தொடங்கினர். கேப்பர்னிக்கின் பதிப்பகமே 2022இல் அப்துல் ரவூஃபின் தன்வரலாற்றை வெளியிட்டது. மறு ஆண்டு அவரைப் பற்றிய ஆவணப்படமும் வந்தது. இவற்றில் வரும் அவருடைய பேச்சில் என்னைக் கவர்ந்தது, கசப்பு இல்லாமை. இழந்த பணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. இளமையில் தெரிந்ததைவிட இப்போது கூடுதலாகப் படித்திருக்கிறேன், அன்றே இவ்வளவு தெரிந்திருந்தால் இன்னும் தெளிவாக விளக்கியிருப்பேன் என்னும் தொனியே மிகுதி.

இளம் வாசகர் ஒருவர் என்னிடம் கேட்டார்: அவர் பேசாமல் உடைமாற்றும் அறையிலேயே இருந்திருக்கலாமே, செய்தியாளர் கேட்டபோது கால்வலி என்று சொல்லித் தப்பியிருக்கலாமே? கேள்வி நியாயமானது. பெரும்பாலோர் அப்படித்தான் செய்திருப்போம், நானும் உட்பட. ஆனால், வலை மட்டும் அசையும்படி பத்து முறை எறியாமல் வீடு திரும்ப இயலாத அந்தச் சிறுவனை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்பது எறிந்துவிட்டுப் பத்து என்று சொல்ல, கல்ஃப்போர்ட்டின் இருண்ட களத்தில் அவனைத் தடுக்க எவரும் இல்லை. அவன் சொல்லவில்லை.

2020 பிப்ரவரி 29 அன்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அவருடைய 35ஆம் எண் சட்டையை, இனி வேறெவரும் அணியாதபடி ஓய்வளித்துச் சிறப்பித்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மிசிசிப்பி ஆளுநர் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 126 ஆண்டுகளாகப் பறந்த, அடிமை முறைக்காகப் போரிட்டோரின் சின்னம் தாங்கிய அந்தப் பழைய மாநிலக் கொடி அதன் பின் இறக்கப்பட்டது.